ஒரு சொடுக்கில் இரண்டாயிரம் கணிப்பொறிகள்

மென்பொருள் ஒன்றை எழுதி முடிப்பது ஒரு வேலை. அதைப் பிறருடைய கணிப்பொறிகளில் ஓடச் செய்வது இன்னொரு வேலை. முதல் வேலையைக் கற்றுத்தரப் பாடநூல்கள் பல உண்டு. இரண்டாவது வேலையைப் பற்றி மாணவர்கள் கேள்விப்படுவதே குறைவு. ஆனால், நல்ல மென்பொருள்கள் பல மாணவரின் மேசைக்கு வந்து சேராமல் நின்றுவிடுவது இந்த இரண்டாவது படியில்தான்.

அமெரிக்க நாட்டுப் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். அங்கே அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் 'பள்ளி மாவட்டம்' என்னும் உள்ளூர் அமைப்பின் கீழ் இயங்குகின்றன. பெயரில் மாவட்டம் என்று இருந்தாலும் அது நம் வருவாய் மாவட்டத்தைப் போன்றது அன்று. பள்ளிகளை நடத்துவதற்கென்றே ஏற்பட்ட தனி அமைப்பு. நாடு முழுவதும் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. சிலவற்றில் ஒன்றிரண்டு பள்ளிகள். சிலவற்றில் நூற்றுக்கணக்கான பள்ளிகள். அங்குள்ள கணிப்பொறிகளைப் பேணுவதற்கு ஒரு சிறு ஊழியர் குழு இருக்கும். ஆசிரியர் ஒரு மென்பொருளை விரும்பிக் கேட்கலாம். அதைக் கணிப்பொறிகளில் நிறுவித் தரவேண்டியவர்கள் இந்த ஊழியர்கள்தாம்.

எனவே, மென்பொருளை விற்க வருபவர் ஆசிரியரிடம் பேசுவது ஒன்று, ஊழியரிடம் பேசுவது வேறொன்று. ஆசிரியரிடம், "பாடம் நன்றாக விளங்கும்" என்பார். ஊழியரிடமோ, "நிறுவுவது மிக எளிது. ஒரே சொடுக்குப் போதும்!" என்பார்.

'எளிது' என்னும் இந்தச் சொல்லை எப்படி எடைபோடுவது? இயற்பியல் மாணவர்களான நாம் எதையும் அளந்து பார்த்தே ஏற்பவர்கள் அல்லவா? இதையும் அளந்து பார்ப்போம்.

கையால் நிறுவினால்

ஒரு பள்ளி மாவட்டத்தில் 20 பள்ளிகள், பள்ளிக்கு 100 கணிப்பொறிகள் எனக் கொள்வோம். மொத்தம் 2,000. ஊழியர் ஒவ்வொரு கணிப்பொறியின் முன்னும் அமர்ந்து மென்பொருளை நிறுவுகிறார். ஒன்றுக்கு 10 நிமிடம் ஆகிறது. அப்படியானால் மொத்தம் 20,000 நிமிடங்கள். அதாவது சுமார் 333 மணி. நாளொன்றுக்கு 8 மணி உழைத்தால் ஏறக்குறைய 42 வேலை நாட்கள். பள்ளி விட்டுப் பள்ளி செல்லும் நேரம் இதில் சேரவில்லை. திருத்திய பதிப்பு வெளிவந்தால் மீண்டும் முதலிலிருந்து 42 நாட்கள்!

கையால் நிறுவுவது ஏன் நேரம் தின்கிறது? நிறுவும்போது கணிப்பொறி கேள்விகள் கேட்கிறது. "இந்த நிபந்தனைகளுக்குச் சம்மதமா? எந்த இடத்தில் சேமிக்கட்டும்?" பதில் சொல்ல ஓர் ஆள் அங்கே இருந்தாக வேண்டும். மேலும், மாணவர்கள் பயன்படுத்தும் கணக்குக்கு மென்பொருள் நிறுவும் உரிமை பொதுவாகத் தரப்படுவதில்லை. அந்த உரிமை ஊழியரிடமே இருக்கும். ஆகவே அவரே நேரில் வரவேண்டியதாகிறது.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடையை முன்கூட்டியே எழுதி வைத்து, ஆள் இல்லாமலே நிறுவும்படி செய்துவிட்டால் என்ன? எளிய நிறுவல் என்பதன் அடிப்படை இதுதான். ஆயிரம் இடங்களில் செய்யும் உழைப்பை ஓரிடத்துக்குக் கொண்டுவருவதே அதன் சாரம்.

மின்னசோட்டா காட்டிய வழி

இந்த எண்ணம் புதிதன்று. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1971-ஆம் ஆண்டு டான் ராவிட்ச் என்னும் பயிற்சி ஆசிரியர் வரலாற்றுப் பாடம் நடத்தி வந்தார். மேற்கு நோக்கி மாட்டுவண்டிகளில் சென்று குடியேறியவர்களின் பயணத்தை மாணவர்களுக்கு விளக்க வேண்டும். அவருடைய நண்பர்கள் பில் ஹைன்மேன், பால் டில்லன்பர்கர் ஆகிய இருவரும் அதை ஒரு கணிப்பொறி விளையாட்டாக எழுத உதவினர். 'ஆரெகான் டிரெயில்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டு இவ்வாறு பிறந்தது. வகுப்பறையில் இருந்தது ஒரு தட்டச்சு முனையம் மட்டுமே. கணிப்பொறி வேறோர் இடத்தில் இருந்தது. இரண்டையும் தொலைபேசிக் கம்பி இணைத்தது.

1973-இல் அம்மாநிலம், பள்ளிகளுக்குக் கணிப்பொறி வசதி அளிப்பதற்காக 'மெக்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. 1974-இல் ராவிட்ச் அதில் பணிக்குச் சேர்ந்தார். தாம் அச்சிட்டு வைத்திருந்த பழைய நிரலை மீண்டும் தட்டச்சு செய்து மையக் கணிப்பொறியில் ஏற்றினார். நிறுவியது ஒரே கணிப்பொறியில். ஆனால் மாநிலம் எங்கும் அதனோடு இணைந்திருந்த பள்ளிகள் அனைத்துக்கும் விளையாட்டுக் கிடைத்தது.

பிறகு காலம் மாறியது. 1978-இல் 'மெக்' அமைப்பு பள்ளிகளுக்காக 'ஆப்பிள் 2' என்னும் சிறு கணிப்பொறியைத் தேர்ந்தெடுத்தது. கம்பியின் மறுமுனையில் இருந்த கணிப்பொறி வகுப்பறைக்கே வந்துவிட்டது. இது பெரிய முன்னேற்றந்தான். ஆனால், மென்பொருள் இப்போது நெகிழ்தட்டில் அடைத்துப் பள்ளி பள்ளியாகச் செல்ல வேண்டியதாயிற்று. ஒரு வசதி வந்தபோது இன்னொரு வசதி போயிற்று. நாம் முன்பு போட்ட 42 நாள் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது எனலாம்.

வலையமைப்பு வந்த பிறகு

கணிப்பொறிகளை வலையமைப்பால் இணைத்த பின் தட்டைச் சுமந்து திரியும் தொல்லை ஒழிந்தது. தலைமையகத்திலிருந்து ஆணை அனுப்பினால் கணிப்பொறிகள் தாமே மென்பொருளைப் பெற்று நிறுவிக்கொள்ளும். ஆனால் இங்கும் ஒரு கணக்கு உண்டு.

மென்பொருளின் அளவு 1 கிகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட்டுகள் ஆதலால் இது 8,000 மெகாபிட். பள்ளிக்கு வரும் இணைப்பின் வேகம் விநாடிக்கு 100 மெகாபிட் எனில், ஒரு கணிப்பொறிக்கு 80 விநாடிகள் ஆகும். 100 கணிப்பொறிகளும் தனித்தனியே கேட்டால் 8,000 விநாடிகள். அதாவது 2 மணி 13 நிமிடத்துக்கு மேல். அவ்வளவு நேரமும் பள்ளியின் இணைப்பு முழுதும் அடைபட்டுக் கிடக்கும். பாடவேளையில் இது நடந்தால் வகுப்புகள் என்ன ஆகும்?

இதற்கு மாற்று, பள்ளியிலேயே ஒரு சர்வரை வைப்பது. அது மட்டும் வெளியிலிருந்து ஒரு பிரதியைப் பெறும்: 80 விநாடிகள். பிறகு பள்ளிக்குள், விநாடிக்கு 1,000 மெகாபிட் வேகத்தில் 100 கணிப்பொறிகளுக்கும் அது பங்கிடும்: 800 விநாடிகள். மொத்தம் 880 விநாடிகள். 15 நிமிடத்துக்கும் குறைவு. நடைமுறையில் இன்னும் சற்றுக் கூடும் என்றாலும் வேறுபாடு எவ்வளவு என்று பாருங்கள். ஊருக்குள் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டி, அங்கிருந்து தெருக்களுக்குக் குழாய் விடுவதைப் போன்றதுதான் இது.

பிழைகள் இரு வகை

இதுவரை நேரத்தை அளந்தோம். இனி அளக்க வேண்டியது பிழை.

ஆய்வகத்தில் நீங்கள் இரு வகைப் பிழைகளைச் சந்தித்திருப்பீர்கள். ஒன்று, ஒழுங்கற்ற பிழை. ஒரு முறை சற்றுக் கூடும், ஒரு முறை சற்றுக் குறையும்; பல அளவீடுகளின் சராசரியில் பெரும்பாலும் மறையும். மற்றொன்று, முறையான பிழை. திருகு அளவியின் சுழிப்பிழை இதற்கு எடுத்துக்காட்டு. அதைக் கவனியாமல் நூறு முறை அளந்தாலும் நூறும் தவறாகவே இருக்கும்.

கையால் நிறுவும்போது நேரும் தவறுகள் ஒழுங்கற்ற பிழையைப் போன்றவை. ஊழியர் களைப்பில் ஒரு கணிப்பொறியில் தவறு செய்வார். அடுத்ததில் சரியாகச் செய்வார். 100-க்கு ஒன்று தவறினாலும் 2,000-இல் 20 மட்டுமே பழுதாகும். மையத்திலிருந்து நிறுவும்போது நேரும் தவறோ சுழிப்பிழையைப் போன்றது. அனுப்பிய மென்பொருளில் குறை இருந்தால் அது 2,000 கணிப்பொறிகளுக்கும் ஒரே வேகத்தில் போய்ச் சேரும். உழைப்பை ஓரிடத்தில் குவித்தபோது ஆபத்தையும் ஓரிடத்தில் குவித்துவிட்டோம்!

இது வெறும் அச்சமன்று. 2024-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் விண்டோஸ் கணிப்பொறிகளுக்குத் தானாகச் சேரும் ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அதில் பிழை இருந்தது. 78 நிமிடங்களில் நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் செயலிழந்தன என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன; மருத்துவமனைகள் தடுமாறின. திருத்திய கோப்பை வலையமைப்பு வழியே அனுப்ப இயலவில்லை. ஏனெனில் பழுதான கணிப்பொறி இயங்கத் தொடங்கினால்தானே அதைப் பெற்றுக்கொள்ளும்? எனவே பல இடங்களில் ஊழியர்கள் ஒவ்வொரு கணிப்பொறியின் முன்னும் அமர்ந்து, அந்தக் கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. அனுப்பியது ஒரு சொடுக்கில்; நீக்கியதோ ஒன்றன்பின் ஒன்றாக.

"நிறுவவே வேண்டாம், இணையத்தில் திறந்தால் போதும்" என்று சொல்லும் மென்பொருள்களும் இதற்கு விலக்கல்ல. அவற்றில் மாணவர் விவரங்கள் விற்பவரின் கணிப்பொறியில் குவிகின்றன. பல பள்ளி மாவட்டங்களின் மாணவர் பதிவேடுகளைக் காத்துவந்த பவர்ஸ்கூல் நிறுவனத்தில், 2024 டிசம்பரில், திருடப்பட்ட ஓர் உள்நுழைவுச் சான்றைக் கொண்டு பெருமளவு விவரங்கள் களவாடப்பட்டன. ஒரு சாவி தொலைந்ததில் பல வீடுகள் திறந்துகொண்டன.

படிப்படியாக அனுப்புதல்

அப்படியானால் மீண்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைவதா? தேவையில்லை. வழி எளியது. முதலில் 10 கணிப்பொறிகளுக்கு மட்டும் அனுப்புங்கள். சரியாக ஓடினால் ஒரு பள்ளியின் 100 கணிப்பொறிகளுக்கு. பிறகே எல்லாவற்றுக்கும். முதல் படியிலேயே குறை தெரிந்தால் பழுதாவது 10 மட்டுமே. ஒவ்வொன்றையும் கையால் சீர்செய்ய 10 நிமிடம் என்றாலும் 100 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். 333 மணி வேண்டாம்.

முதற்படியே போதாதா, நடுவில் 100 எதற்கு என்று கேட்கலாம். குறை எல்லாக் கணிப்பொறிகளிலும் தோன்றாமல், 50-இல் ஒன்றில் மட்டும் தோன்றும் என்று கொள்வோம். ஒரு கணிப்பொறி தப்பும் நிகழ்தகவு 0.98. எந்தத் தேர்வும் இன்றி எடுத்த 10 கணிப்பொறிகளும் தப்பும் நிகழ்தகவு 0.98-இன் பத்தாம் அடுக்கு. அதாவது ஏறத்தாழ 0.82. ஆக, 100-க்கு 82 தடவை குறை நம் கண்ணில் படாமலே போகும்! 100 கணிப்பொறிகளில் சோதித்தால் இது சுமார் 0.13 ஆகக் குறைகிறது. அந்த 100-இல் பழையவை, புதியவை என எல்லா வகையும் கலந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

இன்னொரு காப்பும் உண்டு. 2011-இல் விற்பனைக்கு வந்த குரோம்புக் கணிப்பொறிகளில் இயக்க மென்பொருளின் இரு பிரதிகளுக்கு இடம் உண்டு. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றதில் புதிய பதிப்பு ஏறுகிறது. புதியது இயங்க மறுத்தால் கணிப்பொறி பழையதற்கே திரும்பிவிடும். ஆற்றில் இறங்குமுன் கரையில் கயிற்றைக் கட்டிக்கொள்வது போன்ற ஏற்பாடு இது.

நல்ல விற்பனையாளர் என்ன சொல்வார்?

"ஒரே சொடுக்கு" என்பதோடு நிற்பவரின் பேச்சு பாதிப் பேச்சே. மீதிப் பாதியை நான்கு கேள்விகளாகக் கேட்டுவிடலாம். ஒன்று: ஆள் இல்லாமல் நிறுவ முடியுமா? இரண்டு: சிலவற்றில் மட்டும் முதலில் நிறுவிப் பார்க்க முடியுமா? மூன்று: வேண்டாமென்றால் அதே எளிமையோடு நீக்க முடியுமா? நான்கு: மாணவர் விவரங்களில் எவை பள்ளியை விட்டு வெளியே போகின்றன? இவற்றுக்குத் தெளிவான விடை தருபவரே 'எளிது' என்று சொல்லத் தகுதியுடையவர்.

நாளை உங்களில் சிலர் மென்பொருள் எழுதுவீர்கள். உங்கள் நிரலை ஏற்க மறுக்கும் ஊழியரைக் கண்டால், புதுமையை விரும்பாதவர் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். பழுதான கணிப்பொறிகளின் முன் கடைசியில் உட்காரப் போகிறவர் அவர். அவருடைய நான்கு கேள்விகளுக்கும் விடையோடு செல்லுங்கள்.

செய்து பாருங்கள்

1. நிறுவல் 100-க்கு 99.5 முறை வெற்றி பெறும் எனில், 3,000 கணிப்பொறிகளில் எத்தனை பழுதாகலாம்?

2. மென்பொருள் 0.5 கிகாபைட், பள்ளியின் இணைப்பு விநாடிக்கு 40 மெகாபிட், உள்வேகம் விநாடிக்கு 1,000 மெகாபிட், கணிப்பொறிகள் 60. தனித்தனியே பெற்றால் எவ்வளவு நேரம்? சர்வர் வழியே பெற்றால் எவ்வளவு நேரம்?

விடைகள்: (1) 15. (2) 6,000 விநாடிகள், 340 விநாடிகள்.