தராசு யார் கையில்?
பிரிட்டன் விலகிய வரலாற்றில் வியாபாரிகளுக்குள்ள பாடம்



சங்கத்தில் சேர்ந்தவர் சந்தா கட்டுகிறார். சங்கத்தின் தீர்மானத்துக்குக் கட்டுப்படுகிறார். "இந்த நாளில் அனைவரும் கடை அடைப்போம்" என்று முடிவானால், அன்று நல்ல வியாபாரம் இருந்தாலும் ஷட்டரை இறக்குகிறார். "நம் கடைக்கு அடுத்தவர் ஏன் சட்டம் போட வேண்டும்? விலகிவிடலாமே" என்று மனதுக்குள் முணுமுணுப்பவரும் உண்டு.

நாடுகளின் நிலையும் இதுவே. பல நாடுகள் கூடி அமைத்த சபைகளில் சேரும் நாடு, தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை அங்கே ஒப்படைக்கிறது. அதை விரும்பாத குடிமக்கள் "வெளியே வா" என்று குரல் கொடுக்கிறார்கள். அவர்கள் ஏன் அப்படிக் கேட்கிறார்கள்? அந்தக் கோரிக்கையில் எவ்வளவு நியாயம்? விலகினால் கிடைப்பது என்ன? இதைப் படிக்க பிரிட்டனை விட நல்ல உதாரணம் இல்லை. அந்த வரலாற்றில் ஒரு பழக்கடைக்காரரின் தராசும் வருகிறது.

பறிமுதலான தராசு

வட இங்கிலாந்தில் சண்டர்லாந்து என்ற ஊர். அங்கே ஸ்டீவ் தோபர்ன் என்பவர் காய்கறி, பழ வியாபாரம் செய்துவந்தார். வாடிக்கையாளர்கள் 'பவுண்டு' கணக்கில் கேட்டார்கள்; அவரும் பவுண்டுத் தராசிலேயே நிறுத்துக் கொடுத்தார். ஆனால் 2000 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் சில்லறையாக நிறுத்து விற்கும் பொருளைக் கிலோ, கிராம் கணக்கில்தான் விற்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. 2000 ஜூலையில் அதிகாரிகள் அவர் கடையில் வாழைப்பழம் வாங்கி, பவுண்டில் நிறுத்ததைக் கண்டு தராசுகளைப் பறிமுதல் செய்தனர். 2001 ஏப்ரலில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

எடையில் குறைவில்லை. வாங்கியவர் புகார் சொல்லவில்லை. ஆயினும் குற்றம்! அவரையும், இதேபோல வழக்கில் சிக்கிய வேறு சில வியாபாரிகளையும் 'மெட்ரிக் தியாகிகள்' என்றே பத்திரிகைகள் எழுதின.

கிலோவின் மேல் கோபமா?

நம் முன்னோரும் பலம், வீசை, மணங்கு என்று நிறுத்தவர்களே. 1956-ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக மெட்ரிக் எடை வந்தது. 1962-ல் எடைக்கற்களில் அது கட்டாயமாயிற்று. நம் வணிகர்களும் சிரமப்பட்டுத்தான் புதுக் கற்களை வாங்கினார்கள். ஆனால் அந்தச் சட்டத்தைச் செய்தது நம் பாராளுமன்றம். பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் கேட்கலாம்.

பிரிட்டனிலோ, பலருக்கு அந்த விதி பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்ததாகத் தோன்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவலகங்கள் அங்கேதான் உள்ளன. கிலோ நல்லதா, பவுண்டு நல்லதா என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்வி. 'என் கடைத் தராசைப் பற்றி முடிவு செய்ய நான் ஓட்டுப் போடாதவருக்கு என்ன உரிமை?' என்பதே முதல் கேள்வி.

விலக விரும்பியோர் கூறிய காரணங்கள்

1. சட்டம் செய்யும் உரிமை: ஒன்றியத்தில் சட்ட முன்வடிவைக் கொண்டுவரும் ஆணையத்தின் உறுப்பினர்கள் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல. பல விஷயங்களில் பெரும்பான்மை ஓட்டே போதும். பிரிட்டன் எதிர்த்தாலும் சட்டம் நிறைவேறலாம்.

2. குடியேற்றம்: உறுப்பு நாட்டவர் எந்த உறுப்பு நாட்டிலும் குடியேறி வேலை செய்யலாம். 2004-ல் பத்து நாடுகள் புதிதாகச் சேர்ந்த பின் பிரிட்டனுக்கு வந்தோர் தொகை பெருகியது. எத்தனை பேரை அனுமதிப்பது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும் என்றனர்.

3. சந்தா: பிரிட்டன் பெரும் தொகை கட்டிவந்தது. அதை உள்நாட்டு மருத்துவமனைகளுக்குச் செலவிடலாம் என்றனர்.

4. வர்த்தகம்: பிற நாடுகளுடன் வர்த்தக ஒப்பந்தம் பேசும் அதிகாரம் ஒன்றியத்திடமே இருந்தது. தனியே பேசினால் நமக்கு ஏற்ற ஒப்பந்தம் கிடைக்கும் என்றனர்.

1973-ல் சேர்ந்த பிரிட்டன், 1975-ல் நடத்திய வாக்கெடுப்பில் நூற்றுக்கு 67 பேர் ஆதரவுடன் நீடித்தது. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பிலோ நூற்றுக்கு 51.9 பேர் விலக வேண்டும் என்றனர். தோபர்னின் சண்டர்லாந்தில் இது 61 ஆக இருந்தது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை, 2004-லேயே காலமாகிவிட்டார்.

கணக்கின் மறுபக்கம்

வியாபாரி வரவை மட்டும் பார்த்துக் கடையை நடத்த முடியாது. மேற்கண்ட காரணங்களையும் அப்படியே சரிபார்க்க வேண்டும்.

வாரம் 35 கோடி பவுண்டு போகிறது என்று பிரசாரப் பேருந்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். பிரிட்டனுக்கு ஆண்டுதோறும் பெரிய தள்ளுபடி உண்டு. விவசாயிகளுக்கும் பின்தங்கிய பகுதிகளுக்கும் திரும்பி வந்த பணமும் உண்டு. தள்ளுபடியைக் கழிக்காமல் மொத்த பில்லைக் காட்டிய கணக்கு அது.

'வளைந்த வாழைப்பழத்தையே ஒன்றியம் தடை செய்துவிட்டது' என்றும் பேசப்பட்டது. 1994-ல் வந்த விதி, பச்சை வாழைக்காய்க்குத் தரம் பிரித்தது. குறைந்தது 14 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், வளைவு மிதமிஞ்சி இருக்கக் கூடாது என்றது. ஆனால் வடிவக் குறையுள்ளதை இரண்டாம் தரமாக விற்க அதே விதி இடம் தந்தது. மண்டியில் தரம் பிரித்து வாங்கும் நமக்கு இது புதிதல்ல.

கிலோவும் முழுக்க அந்நியர் திணித்ததல்ல. ஒன்றியத்தில் சேருவதற்கு முன்பே, 1965-ல் பிரிட்டிஷ் அரசு மெட்ரிக் முறைக்கு மாறும் முடிவை அறிவித்திருந்தது. தோபர்ன் வழக்கின் மேல்முறையீட்டில் 2002-ல் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, ஒரு முக்கியமான விஷயத்தையும் சொன்னது. ஒன்றியத்தின் சட்டம் பிரிட்டனில் செல்லுபடியாவது பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1972-ல் இயற்றிய சட்டத்தினால்தான். அதை நீக்கும் உரிமையும் பாராளுமன்றத்துக்கே உண்டு. சாவி அவர்களிடமே இருந்தது என்று பொருள்.

விலகிய பின்

2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் விலகியது. அவ்வாண்டு இறுதியில் பொதுச் சந்தையை விட்டும் வெளியேறியது. புது ஒப்பந்தப்படி, விதிகளுக்கு உட்பட்ட சரக்குக்குச் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் சுங்கப் பத்திரங்கள் வந்தன; ஐரோப்பாவுக்கு இறைச்சி, பாலாடைக்கட்டி அனுப்ப மருத்துவச் சான்றிதழ் வேண்டியதாயிற்று. லாரி நிறைய அனுப்பும் பெரிய கம்பெனிக்கு அது சிறு செலவு. சிறு பார்சல் அனுப்பும் வியாபாரிக்கோ லாபம் முழுவதும் அதிலேயே போயிற்று.

பலனும் இல்லாமல் இல்லை. பிரிட்டன் தானே பேசி முடித்த ஒப்பந்தங்களில் நம் நாட்டுடன் 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான ஒப்பந்தமும் ஒன்று. ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் அது தனியே முடிந்திராது.

பவுண்டு எடை என்னவாயிற்று? 2022-ல் அரசு மக்களின் கருத்தைக் கேட்டது. பதில் எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் மெட்ரிக் முறையே இருக்கட்டும் என்றனர். 2023 டிசம்பரில் அரசும் அதை மாற்றுவதில்லை என்று அறிவித்தது. தராசு மாறவில்லை, முடிவெடுக்கும் கை மாறியது. சிலருக்கு அதுவே பெரிய லாபம். சிலருக்கு அது வெறுங்கணக்கு.

2025 மே மாதம் இன்னொரு திருப்பம். உணவுப் பொருள் எல்லையில் தேங்காமல் போக, அவற்றுக்கான ஒன்றிய விதிகளைப் பின்பற்ற பிரிட்டன் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. முன்பு அந்த விதிகளைச் செய்யும்போது பிரிட்டனுக்கு ஓட்டு இருந்தது. இப்போது இல்லை.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டிலும் இந்தக் குரல் கேட்கிறது. டங்கல் திட்டத்தை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் வழியே 1995 ஜனவரி 1-ல் பிறந்தது உலக வர்த்தக அமைப்பு. விவசாயிகளுக்கு அரசு தரும் ஆதரவுக்கு அது வரம்பு கட்டுகிறது என்பதால், விவசாயச் சங்கங்கள் 2024 பிப்ரவரி 26-ஐ 'வெளியேறு' நாளாக அனுசரித்தன. விதிப்படி ஆறு மாத நோட்டீஸ் கொடுத்தால் விலகலாம்.

இத்தகைய கோரிக்கை எங்கே எழுந்தாலும், ஆதரிக்கும் முன்பும் எதிர்க்கும் முன்பும் நான்கு கேள்விகளைக் கேட்போம்:

1. நமக்கு இடைஞ்சலான விதியை உண்மையில் போட்டது யார்? வெளி அமைப்பா, அதன் பெயரைச் சொல்லி நம் அரசா?

2. அதை மாற்ற உள்ளே இருந்து நமக்கு ஓட்டும் பேச்சும் உண்டா?

3. சொல்லப்படும் கணக்கு மொத்தமா, நிகரமா?

4. வெளியே போன பின்னும் அந்தச் சந்தைக்குச் சரக்கு அனுப்ப எந்த விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும்? அந்தச் செலவு யார் தலையில் விழும்?

விலகக் கேட்பவர்களை விவரமறியாதவர்கள் என்று தள்ளுவதும் தவறு. ஓட்டுப் போடாதவர் செய்த சட்டத்தால் தராசை இழந்தவரின் மனக்குறை நியாயமானது. அந்தக் குறையைக் காதுகொடுத்துக் கேட்காததால்தான் பல ஆண்டு உறவு ஒரு நாள் வாக்கெடுப்பில் முறிந்தது. நாடுகளின் சபைக்கும் நம் ஊர்ச் சங்கத்துக்கும் இது பொருந்தும். உறுப்பினர் விலகல் கடிதம் கொடுக்கும் வரை காத்திராமல், முணுமுணுக்கும்போதே கூப்பிட்டுக் கேட்பது நிர்வாகிகளின் கடமை.