கரணமும் சான்றும்: சீன மணச்சடங்குகளும் சுயமரியாதைத் திருமணமும் – ஓர் ஒப்பாய்வு

திறவுச்சொற்கள்: கரணம், கொடுப்போர், ஆறு சடங்குகள், தேநீர்ச் சடங்கு, சுயமரியாதைத் திருமணம், பிரிவு 7அ.

சென்னைத் தேனாம்பேட்டையில் உள்ள அண்ணா அறிவாலயத்தின் கலைஞர் அரங்கில் நிகழும் சுயமரியாதைத் திருமணங்களில் வேள்வித்தீ இல்லை; புரோகிதர் இல்லை. தலைமை ஏற்பவர் முன்னிலையில் மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்கின்றனர். பெரும்பாலும் தாலியும் கட்டப்படுகிறது. தீயும் மந்திரமும் நீங்கிய நிலையில் மணத்தை மணமாக்குவது எது என்னும் வினா எழுகிறது. இவ்வினாவைத் தமிழ்ச்சூழலுக்குள் மட்டும் வைத்துக் காண்பதைவிடச் சீன மணமரபோடு ஒப்பிட்டுக் காண்பது கூடுதல் தெளிவு தரும்.

சீனத்தின் பண்டைச் சடங்கியல் நூல்கள் மணத்தை ஆறு படிகளாக வகுக்கின்றன. பெண் கேட்டல், மணமகளின் பெயரும் பிறப்பு விவரமும் அறிதல், முன்னோர் கோயிலில் குறி பார்த்தல், பரிசம் அனுப்புதல், நாள் குறித்தல், மணமகன் நேரில் சென்று மணமகளை அழைத்து வருதல் என்பன அவை. தமிழகத்தின் பொருத்தம் பார்த்தல், பரிசம் போடுதல், பெண்ணழைப்பு ஆகியவற்றோடு இவை கொண்டுள்ள ஒப்புமை வெளிப்படை. ஆயினும் பெயரளவிலான ஒப்புமையைக் காட்டி நிற்பது ஒப்பாய்வாகாது. நோக்கத்தக்கது, இச்சடங்குகள் யாரைச் சான்றாக நிறுத்துகின்றன என்பதே.

மணநாளில் சீன மணமக்கள் மூன்று முறை வணங்குவர்: முதலில் வானையும் நிலத்தையும், அடுத்துப் பெற்றோரையும் முன்னோரையும், இறுதியில் ஒருவரை ஒருவர். இதன் வரிசைமுறை கருதத்தக்கது. மணமக்கள் ஒருவரை ஒருவர் ஏற்பது ஈற்றில்தான் நிகழ்கிறது. தேநீர்ச் சடங்கும் இத்தகையதே. மணமக்கள் மூத்தோருக்கு வயதும் முறையும் நோக்கித் தேநீர் அளிக்கின்றனர். பருகியவர் சிவப்பு உறையில் பணமோ பொன்னணியோ வழங்குகிறார். தேநீரை நீட்டும்போதே மணமகள் கணவனின் பெற்றோரை ‘அப்பா’, ‘அம்மா’ என முதன்முறையாக முறை சொல்லி அழைக்கிறாள். கோப்பையை மூத்தோர் வாங்கிக்கொள்வது அவ்வுறவை ஏற்றதன் அறிகுறி. மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தமிழரும் சீனரும் மணக்கும் குடும்பங்களில் தாலி கட்டுதலோடு தேநீர்ச் சடங்கும் நிகழ்வதற்கு இவ்வுறவேற்பே காரணம் எனலாம்.

பெற்றோரின் கட்டளைக்கும் இடைநின்று மணம் பேசுவோரின் சொல்லுக்கும் காத்திராது கூடும் இளையோரை மெங்சியஸ் இழித்துரைக்கிறார். தொல்காப்பியம் இவ்விடத்தில் வேறுபடுகிறது. கற்பியல் கரணத்தை முதன்மைப்படுத்தி, கொடுத்தற்குரியோர் கொடுப்பதே மணம் என வரையறுக்கிறது. எனினும் உடன்போக்கு நிகழ்ந்தவழிக் கொடுப்போர் இல்லாமலும் கரணம் உண்டு என அடுத்தே இசைவு தருகிறது. கரணத்தைக் கைவிடாமல் கொடுப்போரை மட்டும் விலக்கும் இந்நூற்பா இலக்கண உரைகளில் பெற்ற கவனத்தைச் சமூக வரலாற்றாய்வில் போதுமான அளவு பெறவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இரு நிலங்களிலும் பழஞ்சடங்கு கேள்விக்குள்ளானது. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடைபெற்றது. 1935இல் ஷாங்காய் நகராட்சி கூட்டுத் திருமணங்களைத் தொடங்கியது. அங்கு மணமக்கள் சன் யாட்-சென்னின் உருவப்படத்தை வணங்கினர். முன்னோர் இருந்த இடத்தில் அரசு அமர்ந்தது. தமிழகத்தில் அவ்விடம் அவைக்கும் அதன் தலைவருக்கும் உரியதாயிற்று.

இம்மாற்றத்திற்குத் தமிழகம் கொடுத்த விலை பெரிது. வேள்வியும் ஏழடியும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1950களின் முற்பகுதியில் தீர்ப்பளித்தது. மனைவி என்னும் நிலையும் மக்களின் வாரிசுரிமையும் அதனால் ஐயத்திற்குள்ளாயின. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்ட 1967ஆம் ஆண்டின் திருத்தச்சட்டம் இந்து திருமணச் சட்டத்தில் பிரிவு 7அ-வைச் சேர்த்தது. முன்னர் நடந்த மணங்களும் அதனால் செல்லுபடியாயின. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்களுக்குப் புரியும் மொழியில் ஏற்புரை கூறுதல், அல்லது மாலையோ மோதிரமோ அணிவித்தல், அல்லது தாலி கட்டுதல் போதுமானது.

ஆனால் ‘பிறர்’ எத்தனை பேர்? வழக்கறிஞர் அறையில் மறைவாக நிகழும் மணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் கூறியது. 2023இல் உச்சநீதிமன்றம் இக்கருத்தை ஏற்கவில்லை. குடும்பத்தின் எதிர்ப்புக்கு அஞ்சி மணப்போர் பலர் முன்னிலையில் அறிவிக்க இயலாது என்பதையும், அவ்வாறு வற்புறுத்துவது அவர்களின் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும் என்பதையும் அது கருத்திற்கொண்டது. கொடுப்போர் இல்லாத கரணம், பெருந்திரள் அவை இல்லாத கரணமாக இங்கு விரிவடைகிறது.

சீனத்தில் 1950ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் முதல் பதிவே மணத்தை நிலைநாட்டுகிறது. தேநீரும் வணக்கமும் சட்டத்தின் பார்வையில் விருப்புச் செயல்கள். இந்தியாவில் நிலை இதற்கு நேர்மாறானது. உரிய சடங்கு நிகழாத இந்துத் திருமணத்தைப் பதிவுச் சான்றிதழ் மட்டும் மணமாக்காது என 2024இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சட்டம் வேண்டாத தேநீரைச் சீனக் குடும்பங்கள் இன்றும் கைவிடவில்லை. பிரிவு 7அ தாலியை ‘அல்லது’ என்னும் சொல்லால் விருப்பத்திற்கு விட்டிருந்தும், சுயமரியாதை மேடையிலும் தலைவர் எடுத்துத்தரும் தாலியை மணமகன் கட்டும் காட்சி மறையவில்லை.