மூதாதையரைத் தேடுவோருக்கு ஒரு பாடம்: அயர்லாந்தின் கோவில் புத்தகங்கள்

உங்கள் பாட்டனார் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய தகப்பனார் பெயரையும் சிலர் சொல்லக்கூடும். அதற்கு மேலே இன்னும் ஒரு படி ஏறிச் சொல்லுங்கள் என்று கேட்டால், நம்மில் அநேகர் வாய் மூடிக்கொள்வோம். பெயரைத் தாங்குகிறவன் என்பதால் பெயரன், அதாவது பேரன், என்று சொல்லும் பாஷை நம்முடையது. ஆயினும் மூன்று தலைமுறைக்குள் பெயர் மறைந்துபோகிறது. மறைந்த பெயர்களைத் திரும்பவும் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை இன்று ஒரு தூர தேசத்தின் கதையிலிருந்து கற்றுக்கொள்வோம். அந்தத் தேசம் அயர்லாந்து.

1845-ஆம் ஆண்டில் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுவே அன்றாட ஆகாரம். அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். மேலும் 10 லட்சத்துக்குக் குறையாதவர்கள் கப்பலேறினார்கள். அப்படிப் போனவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து தேசங்களில் வாழ்கிறார்கள். “எங்கள் குடும்பம் எந்த ஊர்? எங்கள் பாட்டி எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றாள்?” என்பதே அவர்களுடைய கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை கிடைப்பது எளிதல்ல. 1922-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் தேதி, அயர்லாந்தின் உள்நாட்டுப் போரில், டப்ளின் நகரத்து நீதிமன்ற வளாகத்திலிருந்த அரசாங்க ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டுகளின் காகிதங்கள் ஒரே நாளில் சாம்பலாயின. 1821, 1831, 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் குடிக்கணக்கில் சில துண்டுகள் தவிர மற்ற யாவும் போயின. 1861, 1871 கணக்குகளை அரசாங்கமே முன்பே அழித்துவிட்டிருந்தது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன.

அப்படியானால் எல்லாம் அழிந்ததா? இல்லை. இங்கேதான் நமக்குரிய பாடம் தொடங்குகிறது. அயர்லாந்து சபை எனப்படும் புரொட்டஸ்டண்டு சபையார், சட்டத்தின்படி தங்கள் பழைய புத்தகங்களில் பலவற்றைப் பாதுகாப்புக்கென்று அந்தக் காப்பகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவை ஏறக்குறைய யாவும் எரிந்தன. கத்தோலிக்கப் பங்குகளின் புத்தகங்களோ அனுப்பப்படவில்லை. அவை அந்தந்த ஊர்ச் சுவாமியாருடைய அலமாரியிலேயே இருந்தன. பெரிய மாளிகையில் இருந்தவை அழிந்தன. சிற்றூரின் ஈரச் சுவரோரம் கிடந்தவை பிழைத்தன.

இனி, தேடுகிறவர் நடக்க வேண்டிய வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலாவது, தேடுதல் அயர்லாந்தில் தொடங்குவதில்லை, வீட்டில் தொடங்குகிறது. வயதானவர்களைக் கேட்க வேண்டும். பழைய கடிதம், ஜெபப் புத்தகத்தின் முன்பக்கம், கல்லறைக் கல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குடியேறிய தேசத்தின் காகிதங்களில் பெரும்பாலும் “பிறந்த இடம்: அயர்லாந்து” என்று மட்டுமே இருக்கும். அது போதாது, ஊர் தெரிய வேண்டும். பாஸ்டன் நகரில் ‘பைலட்’ என்ற கத்தோலிக்கப் பத்திரிகை 1831 முதல் 1921 வரை காணாமற்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டு வந்தது. தம்பி அண்ணனையும் மனைவி கணவனையும் தேடிய அந்த வரிகளில் மாவட்டமும் பங்கும் ஊரும் குறிக்கப்பட்டிருக்கும். ஒருவருக்கொருவர் சந்தித்தார்களோ என்னவோ, அவர்கள் விட்ட கண்ணீர் இன்று அவர்கள் சந்ததிக்கு வழிகாட்டுகிறது.

இரண்டாவது, இடத்தைச் சரியாய் அறிய வேண்டும். அயர்லாந்தில் நிலத்தின் மிகச் சிறிய பிரிவுக்கு டவுன்லேண்ட் என்று பெயர். பெயரில் பட்டணம் இருந்தாலும் அது பட்டணமல்ல. சில வயல்களும் சில வீடுகளும் சேர்ந்த குக்கிராமம். அப்படிப்பட்டவை 60,000-க்கு மேல் உண்டு. ஒரே பெயர் பல மாவட்டங்களில் வரும். மேலும் அரசாங்கம் வகுத்த பங்கு வேறு, கத்தோலிக்கப் பங்கு வேறு; இரண்டின் எல்லையும் பெயரும் ஒத்திராது. இதை அறியாதவர்கள் தவறான புத்தகத்தில் மாதக்கணக்காய்த் தேடுவார்கள்.

மூன்றாவது, அரசாங்கப் பதிவுகள். 1864 ஜனவரி முதல் தேதியிலிருந்து சகலருடைய பிறப்பும் இறப்பும் விவாகமும் பதியப்பட்டன. கத்தோலிக்கரல்லாதாரின் விவாகங்கள் மாத்திரம் 1845-லிருந்தே பதிவாயின. முழுமையாகப் பிழைத்த குடிக்கணக்குகள் 1901, 1911 ஆண்டுகளுடையவை. அவற்றை அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1911-ஆம் ஆண்டுத் தாளில் கலியாணமான பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடிருப்பவர்கள் எத்தனை? அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறவர்கள், ஒரு தாயின் துக்கம் முழுவதையும் ஒரு வரியில் வாசிக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. 1901-ல் 56 வயதென்று எழுதியவர் 1911-ல் 71 என்று எழுதியிருந்தால் திகைக்க வேண்டாம். 1909-ஆம் ஆண்டு முதல் 70 வயதானவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தது. ஆகவே பலர் பத்து ஆண்டில் பதினைந்து வயது மூத்துவிட்டார்கள். பிறப்புச் சான்று இல்லாத ஏழைகள், 1841, 1851 கணக்குகளில் தங்கள் பெயரைத் தேடித் தரும்படி விண்ணப்பம் செய்தார்கள். கணக்குப் புத்தகங்கள் 1922-ல் எரிந்தன. ஆனால் அந்த விண்ணப்பத் தாள்கள் பிழைத்தன. இவ்விதம் எரிந்த புத்தகத்தின் சில வரிகள் ஏழைக் கிழவர்களின் மனுவினால் நமக்குக் கிடைக்கின்றன.

நான்காவது, பங்குக் கோவிலின் புத்தகங்கள். 1864-க்கு முன் வாழ்ந்த கத்தோலிக்க ஏழைகளில் பெரும்பாலோருக்கு இவையே சாட்சி. நகரங்களில் 1700-களிலேயே தொடங்கிய புத்தகங்கள் உண்டு. வறுமை மிகுந்த மேற்குப் பகுதியிலோ பல பங்குகளில் 1820-க்குப் பிறகே தொடங்குகின்றன. வேதத்துக்கு விரோதமான சட்டங்களால் ஒடுங்கியிருந்த காலத்தில் ஒழுங்காக எழுதி வைக்க இடமேது? இந்தப் புத்தகங்களை அயர்லாந்தின் தேசிய நூலகம் படச்சுருளில் எடுத்துவைத்து, 2015 ஜூலையில் இணையத்தில் யாவருக்கும் திறந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளின் புத்தகங்கள், பெரும்பாலும் 1880 வரைக்கும், அதில் உள்ளன.

ஞானஸ்நான வரியில் என்ன இருக்கும்? தேதி, பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர், சில இடங்களில் ஊரின் பெயர். பல புத்தகங்கள் இலத்தீனில் எழுதப்பட்டவை. ஊரில் ஜேம்ஸ் என்று கூப்பிடப்பட்டவர் புத்தகத்தில் யாக்கோபுஸ் ஆவார். வில்லியம் என்பவர் குலியெல்முஸ். யாகப்பரையும் அருளப்பரையும் அறிந்த நமக்கு இது ஆச்சரியமல்ல. ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர்களை அற்பமாக எண்ணக் கூடாது. அவர்கள் பெரும்பாலும் பெற்றோரின் உடன்பிறந்தாரே. விவாகப் புத்தகத்தில் இரத்த உறவுக்கு உத்தரவு பெற்றதாகக் குறிப்பு இருந்தால் அதுவும் ஒரு பொக்கிஷம். பழைய திருச்சபைச் சட்டத்தின் கணக்கில் மூன்றாம் படி என்றால், மணமக்களுக்குப் பூட்டனார் ஒருவரே என்று பொருள்.

பிள்ளைகளுக்குப் பெயரிடுவதிலும் ஒரு முறை உண்டு. முதல் மகனுக்குத் தகப்பனைப் பெற்ற பாட்டன் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயைப் பெற்ற பாட்டன் பெயர் என்பது அங்கே பரவலான வழக்கம். சட்டமல்ல, வழக்கமே, ஆகிலும் அடுத்த படிக்கு ஏற அது கைப்பிடியாக உதவும்.

ஐந்தாவது, நிலப் புத்தகங்கள். 1847-க்கும் 1864-க்கும் இடையில் ரிச்சர்டு கிரிஃபித் என்பவர் தலைமையில் தேசமெங்கும் வரி மதிப்பீடு நடந்தது. யார் குடியிருந்தார், யாருடைய நிலம், எவ்வளவு பரப்பு என்று ஊர் ஊராக அச்சிடப்பட்டது. குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே அதில் உண்டு. அதற்கு முந்திய தசமபாகப் புத்தகங்கள் 1823 முதல் 1838 வரை எழுதப்பட்டவை. இரண்டையும் ஒப்பிட்டால், பஞ்சத்துக்கு முன் இருந்த பெயர் பஞ்சத்துக்குப் பின் இல்லாமற்போனதைக் காணலாம்.

இப்படித் தேடிக் கண்டதற்கு எல்லாரும் அறிந்த ஓர் உதாரணம் சொல்வோம். ஆஃபலி மாவட்டத்தில் மனிகால் என்பது ஒரு சிற்றூர். அங்கிருந்து 1850-ல், சக்கிலியத் தொழில் செய்த ஒருவருடைய மகன் ஃபால்மத் கியர்னி 19 வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 2007-ஆம் ஆண்டில் அந்தப் பகுதியின் அயர்லாந்து சபைக் குருவானவர் உள்ளூரிலிருந்த பழைய புத்தகங்களைப் பார்த்தபோது கியர்னி குடும்பத்தின் பெயர்கள் அகப்பட்டன. அந்த வாலிபன் வழிவந்தவர்தான் அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த பராக் ஒபாமா. 2011 மே மாதத்தில் அவர் தம் தாய்வழி மூதாதையின் ஊருக்கு வந்து நின்றார். ஜனாதிபதியை அந்த ஊரோடு சேர்த்தது, ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு புத்தகம்.

பிரியமானவர்களே, இதில் நமக்கென்ன என்று கேட்பீர்களா? பஞ்சத்தில் மாண்ட கூலியாளுக்கு நிலமில்லை, கல்லறைக் கல்லில்லை, படமில்லை. ஆனால் ஒரு சுவாமியார் அவன் பெயரை ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு வரியாக எழுதினார். அவன் இவ்வுலகில் வாழ்ந்தான் என்பதற்கு அந்த வரி ஒன்றே அத்தாட்சி. அந்தச் சுவாமியார் சோம்பலாயிருந்து எழுதாமல் விட்டிருந்தால், அவனுக்காக ஒரு ஜெபம் சொல்ல இன்று ஒருவரும் இரார்.

நம்முடைய பங்கிலும் அப்படிப்பட்ட புத்தகம் உண்டு. ஆகையால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்க வரும்போது பெயர்களைத் தெளிவாய்ச் சொல்லுங்கள். தாயின் ஊரையும் சொல்லுங்கள். எழுதியதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பழைய புத்தகத்தைச் செல்லும் ஈரமும் தின்னாதபடி காப்பதற்குச் சுவாமியாருக்கு உதவுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: குடும்ப ஜெபம் முடிந்தபின், வீட்டில் மூத்தவரை உட்காரவைத்து, அவருக்கு ஞாபகமிருக்கிற பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிவைக்காதிருங்கள். எரிந்த காகிதத்துக்காவது எங்கேனும் ஒரு நகல் கிடைக்கலாம், மண்ணுக்குள் போன ஞாபகத்துக்கு நகல் கிடையாது.