லேத்தை மேசைமேல் எப்படி வைப்பது?

நம்ம ஊர் சிப்காட் பக்கம் லேத் என்ற சொல்லைக் கேட்காதவர் இல்லை. இரும்பைக் கடையும் அந்த மெஷினில் மேசைமேல் வைக்கும் சின்ன வகையும் உண்டு. பட்டறையில் வேலை செய்யும் என் மாமாவிடம் கேட்டு எழுதுகிறேன்.

லேத்துக்கு சக்கு, மோட்டார் உள்ள பக்கம்தான் கனம். ஈர்ப்பு மையம் அந்தப் பக்கம் தள்ளி இருக்கும். சரிநடுவில் கயிறு கட்டித் தூக்கினால் சாய்ந்துவிடும். மேசை கனமாக, ஆடாமல் இருக்கணும்.

அடுத்ததுதான் முக்கியம். ஒரு காலுக்கு அடியில் சந்து இருக்கும்போதே போல்ட்டை இறுக்கினால் லேத்தின் பெட் முறுக்கிக்கொள்ளும். இரும்பு முறுக்குமா மாமா என்றேன். ஈரத்துணி பிழிவது போலக் கையைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கடையும் கம்பி ஒரு முனை தடித்து, ஒரு முனை மெலிந்து வரும். அதனால் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்துப் பார்த்து, சந்தில் மெல்லிய தகடு சொருகி, எல்லா போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்கணும். பிறகு சக்கில் மட்டும் பிடித்த ஒரு தடித்த கம்பியை லேசாகக் கடைந்து, இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரில் அளக்கணும். அளவு ஒன்றானால் சரி.

சுற்றும் சக்கின் நடு, நம் முழங்கை உயரத்தில் இருக்கணும். தாழ்வாக இருந்தால் குனிவோம், பின்னலும் துப்பட்டாவும் சக்கில் சிக்கும். (பின்னலைக் கொண்டை போட்டு, துப்பட்டாவைக் கழற்றி வைத்துத்தான் நிற்கணும்.) மேசை உயரமாக இருந்தால் பலகை போட்டு நிற்கலாம். ஐ.டி.ஐ.யில் டர்னர் படிப்பு 2 வருஷம், பெண்களும் சேரலாம். எர்த் ஒயர் கட்டாயம். நிறுத்தும் சுவிட்ச், சக்குக்கு மேலே கையை நீட்டாமல் எட்டும் இடத்தில் இருக்கணும்.

– 9ஆம் வகுப்பு மாணவி