நிழலை விரட்டப் பிறந்த வளையம்

கேள்வி: ஆம்பூரில் ஒரு டேனரியில் தோலை ரகம் பிரிக்கும் வேலை பார்க்கிறேன். தோலில் உள்ள குறைகளைக் கிட்டத்தில் படமெடுத்து வாங்குபவர்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. லீவு நாளில் ஊர்ப்பக்கத்துப் பூச்சிகளையும் எடுப்பேன். லென்ஸைச் சுற்றி மாட்டும் ரிங் ஃப்ளாஷை யார், எதற்காகக் கண்டுபிடித்தார்கள்? கையைக் கடிக்காத விலையில் எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், ஒடுகத்தூர்

பதில்: ரிங் ஃப்ளாஷ் பிறந்தது பல் மருத்துவத்துக்காக. 1952-இல் அமெரிக்காவில் லெஸ்டர் டைன் என்பவர் அதை உருவாக்கினார். கடைவாய்ப் பல்லைப் படமெடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கேமராவின் தலையில் இருக்கும் ஃப்ளாஷை அடித்தால் மேலுதடு குறுக்கே நிற்கும். பக்கவாட்டில் அடித்தால் கன்னம் மறைக்கும். லென்ஸ் எந்த வழியாகப் பார்க்கிறதோ, வெளிச்சமும் அதே வழியாகப் போனால்தான் உள்ளே எட்டும். விளக்கை லென்ஸைச் சுற்றியே வைத்துவிட்டால் வளையத்தின் ஒரு பக்கம் போடுகிற நிழலை எதிர்ப்பக்கம் அழித்துவிடுகிறது.

இவ்வளவு எளிய யோசனை அதற்கு முன்பே ஏன் கைகூடவில்லை? 1887-இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் யோஹன்னஸ் கேடிக்கேயும் மக்னீசியம் கலந்த ஃப்ளாஷ் பொடியைக் கொண்டுவந்தார்கள். அது வெளிச்சத்தோடு நெருப்பையும் புகையையும் கக்கியது; நோயாளியின் மூக்குக்கு முன்னால் அதைக் கொளுத்த முடியாது. 1920-களின் கடைசியில் வந்த ஃப்ளாஷ் பல்பு ஒரே ஒரு தடவைதான் எரியும். 1930-களில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஹெரால்டு எட்ஜர்டன், வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரத்தைப் பாய்ச்சித் திரும்பத் திரும்ப மின்னும் ஃப்ளாஷை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி வட்டமாக வளைக்கலாம். ரிங் ஃப்ளாஷுக்குக் கதவைத் திறந்தது அந்தக் குழாய்தான். 1962-இல் நிக்கான், விளக்கு வளையத்தை லென்ஸுக்குள்ளேயே பதித்து ‘மெடிக்கல் நிக்கோர்’ என்ற 200 மி.மீ. லென்ஸை வெளியிட்டது. புகைப்படக் கலையில் பயிற்சி இல்லாத மருத்துவரும் பல்லையோ புண்ணையோ பிசகாமல் எடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

பிறந்த கதையை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. நிழலை ஒழிப்பதற்கென்றே செய்த கருவி இது. உங்கள் வேலைக்கோ நிழல் வேண்டும்.

ரகம் பிரிக்கும்போது தோலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துத்தானே பார்க்கிறீர்கள்? மலையடிவாரத்தில் மேய்ந்த ஆட்டின் தோலில் முள் கீறிய கோடு, உண்ணி கடித்த வடு, அம்மைத் தழும்பு எல்லாம் மேடுபள்ளங்கள். பக்கவாட்டில் தாழ்வாக வரும் வெளிச்சத்தில்தான் பள்ளத்தின் விளிம்பு கறுத்துத் தெரியும். ரிங் ஃப்ளாஷ் நேருக்கு நேராக அடிக்கும்போது அந்த நிழல் கரைந்து, குறையுள்ள தோலும் படத்தில் முதல் தரமாகத் தெரியும். வாங்குபவருக்கு அது பொய்ச் சாட்சி. தெரிந்தே செய்யக் கூடாது. க்ரெயினுக்கும் இதே கதைதான். ஆட்டுத்தோலில் மயிர்க்கால் துளைகள் சிறு சிறு வரிசைகளாக இருப்பதும், எருமைத்தோலில் பெரிதாக இடைவெளி விட்டு இருப்பதும் சாய்ந்த வெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும். பளபளவென்று ஃபினிஷ் செய்த தோலில் இன்னொரு தொல்லையும் சேரும்: விளக்கின் வட்டமே வெள்ளை வளையமாகத் தோல்மேல் விழுந்துவிடும்.

அப்படியானால் உங்கள் பகுதியில் ரிங் ஃப்ளாஷுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. ஷூவின் உட்புறம் கிட்டத்தட்ட வாய் மாதிரிதான். முனைப்பகுதி லைனிங்கில் தையல் விட்டிருந்தாலோ, உள்ளே பசை வழிந்திருந்தாலோ அதைப் படமெடுக்க ரிங் ஃப்ளாஷுக்கு ஈடில்லை. தோலில் விழுந்த ஓட்டை, கறை, சாயம் திட்டுத்திட்டாக ஏறியிருப்பது போன்றவை மேடுபள்ளத்தைச் சேர்ந்தவை அல்ல. மேல்பூச்சு மங்கலாக இருந்தால் அவற்றுக்கும் இது உதவும்.

இனி வாங்குகிற விஷயம். ரிங் ஃப்ளாஷ் என்ற பெயரில் ஆன்லைனில் மிக மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஃப்ளாஷே அல்ல, எல்.இ.டி. வளையங்கள். விவரத்தில் ‘48 எல்.இ.டி.’ என்று எண்ணிக்கை போட்டு, ஃப்ளாஷின் திறனைக் குறிக்கும் கைடு நம்பர் என்ற பேச்சே இல்லாவிட்டால் அது தொடர்ந்து எரிகிற விளக்கு. மேசைமேல் அசையாமல் கிடக்கும் தோலுக்கு, ட்ரைபாடும் இருந்தால், அது போதும். பூச்சிக்குப் போதாது. காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். பூச்சியை ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது சென்சாரில் அதன் உண்மையான அளவுக்கே எடுக்கும்போது, எஃப்/11 என்று வைத்தாலும் உள்ளே வரும் ஒளி எஃப்/22 அளவுக்குக் குறைந்துவிடும். அப்போதும் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். 10 வாட் எல்.இ.டி. ஒன்று 1/200 விநாடியில் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 0.05 ஜூல். சிறிய செனான் ஃப்ளாஷ்கூட முழு விசையில் பல ஜூல்களைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கொட்டிவிடும். விசையைக் குறைத்து வைத்தால் அதன் மின்னல் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிதான் நீடிக்கும். அதனால் இலை ஆடினாலும் உங்கள் கை நடுங்கினாலும் படம் கலங்காது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் செலவை ரிங் ஃப்ளாஷில் போடமாட்டேன். விசையைக் கையால் கூட்டிக் குறைக்கிற சாதாரண ஃப்ளாஷ் ஒன்றும், அதைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து இயக்க ஒரு ட்ரிகரும் வாங்குவேன். தோலுக்கு அதைப் பக்கவாட்டில் தாழ்வாக வைக்கலாம். பூச்சிக்கு லென்ஸின் முனைக்கு மேலே கொண்டுவந்து, முன்னால் வெள்ளை பிளாஸ்டிக் தாளையோ ட்ரேசிங் பேப்பரையோ வளைத்துக் கட்டினால் ஒளி மெத்தென்று பரவும். வண்டின் முதுகில் அழகான திரட்சி கிடைக்கும். ரிங் ஃப்ளாஷில் அதே வண்டு தட்டையாகிவிடும். கைவேலைப் பொருள்தானே என்று தயங்க வேண்டாம். காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே இணைத்த ஒரு கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு காடுகளில் அலைந்து படமெடுத்தவர். அந்த வழியில் வந்தவர்கள் நாம்.

ஷூவின் உட்புறம் எடுக்கிற வேலை அதிகம் என்றால் ரிங் ஃப்ளாஷே வாங்குங்கள். இடது குழாயும் வலது குழாயும் தனித்தனி விசையில் இயங்குகிற வகையாகப் பாருங்கள். ஒரு பக்கத்தைக் குறைத்தால் கொஞ்சமாவது நிழல் திரும்பக் கிடைக்கும். கேனான் வைத்திருப்பவர்களுக்கு யாங்நுவோ ஒய்.என்.14இ.எக்ஸ்., மற்றவர்களுக்கு காடாக்ஸ் எம்.எஃப்.-ஆர்76 போன்றவை கேமரா நிறுவனங்களின் சொந்த ரிங் ஃப்ளாஷைவிடப் பல மடங்கு மலிவு. உங்கள் லென்ஸின் ஃபில்டர் அளவுக்குரிய மாட்டும் வளையம் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் பழைய ஃப்ளாஷ் மலிவாகக் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. ஃபிலிம் காலத்து ஃப்ளாஷ் சிலவற்றில் கேமராவைத் தொடும் முனையில் 200 வோல்ட்டுக்கு மேலேயும் இருக்கும்; டிஜிட்டல் கேமராவின் சர்க்யூட் அதைத் தாங்காமல் போகலாம். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் கொடுத்து அளந்த பிறகே மாட்டுங்கள். ஃப்ளாஷை நீங்களே பிரிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் பேட்டரியைக் கழற்றிய பிறகும் தேங்கி நிற்கும்.

கேள்வி: செல்ஃபி எடுப்பவர்களின் கண்ணில் தெரியும் வட்ட வெளிச்சமும் இதுதானா?
– ஒரு வாசகி, வாணியம்பாடி

பதில்: அதே குடும்பம்தான். பல் மருத்துவரின் கருவியை ஃபேஷன் புகைப்படக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். முகத்தில் நிழல் விழாததும், பின்சுவரில் உடலைச் சுற்றி மெல்லிய நிழற்கோடு படிவதும் அவர்களுக்குப் பிடித்துப்போயின. எல்.இ.டி. மலிவானதும் அது கல்யாண மேக்கப் அறைக்கும் செல்போன் ஸ்டாண்டுக்கும் வந்து சேர்ந்தது.

கேள்வி: பளபளக்கும் தோலில் விழும் வெள்ளை வளையத்தைப் போக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், பேரணாம்பட்டு

பதில்: உண்டு. சரும நோய் மருத்துவர்கள் கையாளும் முறைதான். விளக்கின் முன்னால் போலரைசிங் ஃபிலிமை ஒட்டுங்கள். லென்ஸில் போலரைசிங் ஃபில்டரை மாட்டி, மினுக்கம் மறையும் வரை திருப்புங்கள். ஃபிலிமும் ஃபில்டரும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகும்போது பூச்சின் பளபளப்பு அடங்கி, அடியில் இருக்கும் உண்மையான நிறம் தெரியும். வெளிச்சம் பெருமளவு குறையும் என்பதால் ஃப்ளாஷின் விசையை இரண்டு மூன்று படி கூட்டிக்கொள்ளுங்கள்.