பச்சைக் குழந்தையின் ஈரலும் தாயின் நோயும்

ஊரைவிட்டு வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் இருக்கும் எமது குடும்பங்களில், பிறந்த பிள்ளையின் கண் மஞ்சளானால், "காலை வெயிலில் காட்டுங்கோ, மாறிவிடும்" என்பார்கள் பெரியவர்கள். முதல் வாரத்து மஞ்சள் பெரும்பாலும் தானாகவே மாறும். ஆனால் பிறந்த அன்றே மஞ்சள் தெரிந்தாலோ, 14 நாட்கள் கடந்தும் மாறாவிட்டாலோ இரத்தத்தைச் சோதிக்கவேண்டும்.

மஞ்சள் நீடிப்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் அரிதான ஒன்றை இங்கு படிப்போம்.

கிருமிகளை எதிர்க்க எமது உடல் பிறபொருளெதிரிகளை ஆக்குகிறது. லூப்பஸ் போன்ற நோய்களில் இவை சொந்த உடலையே தாக்கும். இவற்றுள் 'றோ', 'லா' என்னும் இரு வகைகள் கருவிலுள்ள பிள்ளைக்குச் சென்றால் தோலில் சிவந்த வட்டங்கள் தோன்றலாம், ஈரலும் பாதிக்கப்படலாம். சில பிள்ளைகளுக்கு இதயத்துடிப்பு மந்தமாகும். அது முற்றாக மந்தமானால் பின்னர் மாறுவதில்லை.

உவர் ஏறிய தறையை நினைத்துப் பாருங்கள். மழை கழுவக் கழுவ உவர் குறையும். அதுபோலவே தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகளும் சில மாதங்களில் அழிந்துபோகும். பிள்ளையின் உடல் அவற்றைப் புதிதாக ஆக்குவதில்லை. ஆகவே ஈரல் பெரும்பாலும் தேறிவிடும்.

ஆயினும் இதுதான் காரணம் என்று நாமாக முடிவுகட்டக்கூடாது. மலம் வெண்களிபோல வெளிறி, சிறுநீர் துணியில் மஞ்சட்கறை பிடித்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கு யப்பானிய வைத்தியர் மொரியோ கசாய் 1950களில் உருவாக்கிய சத்திரசிகிச்சை உண்டு. பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். வெயிலில் காட்டிக் காத்திருந்தால் அந்த நாட்கள் வீணாகும்.

நாம் செய்யவேண்டியவை:

1. மூட்டுவலி, வெயில் பட்டால் முகம் சிவத்தல், கண் வாய் வறட்சி இருந்தால் கர்ப்பிணித் தாய் கிளினிக்கில் சொல்லவேண்டும். இடப்பெயர்வில் பழைய அட்டை தொலைந்திருந்தால் வாயால் சொன்னாலும் போதும்.

2. லூப்பஸ் மாத்திரைகளைக் கர்ப்பகாலத்தில் தாமாக நிறுத்தக்கூடாது. வைத்தியரைக் கேட்கவேண்டும்.

3. ஒவ்வொரு நாளும் பிள்ளையின் மலத்தின் நிறத்தைப் பார்க்கவேண்டும். வெளிறியிருந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். 1895இல் தொடங்கப்பட்ட பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை அரசாங்க வைத்தியசாலை. அங்கு சிகிச்சை இலவசம்.

4. வைத்தியர் சொல்லாமல் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது.

தாயைக் குறைசொல்லவும் கூடாது. தனக்கு இந்நோய் இருப்பதைப் பிள்ளை பிறந்த பின்னரே அறியும் தாய்மாரும் உண்டு.

கலந்துரையாட: எமது வீடுகளில் பிள்ளைக்கு மஞ்சள் கண்டபோது எத்தனை நாள் காத்திருந்தோம்? ஏன்?