உள்ளத்தின் திறவுகோல்

நுழையும்முன்

வாய் திறந்து சொல்லாத எண்ணம் எண்ணியவருக்கு மட்டுமே உரியது. அந்த எண்ணத்தைக் கருவிகொண்டு அறியும் வழியை அறிவியல் மெல்லத் திறந்து வருகிறது. துன்புறும் மனத்தை ஆற்ற முனையும் மருத்துவரின் கையில் அக்கருவி சேர்ந்தால் அது மருந்தாகுமா? உள்ளத்தைத் திறக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

குறிப்பறியும் கலை

பிறர் உள்ளத்தை அறிய விழைவது மனிதருக்குப் புதிதன்று. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலின் 71ஆம் அதிகாரம். மற்றொன்று காமத்துப்பாலின் 110ஆம் அதிகாரம். முகமும் கண்ணும் காட்டுவதைக்கொண்டு உள்ளத்தை உய்த்துணரும் திறனை அவை பேசுகின்றன.

உளச்சிகிச்சையாளரின் பணியும் ஒருவகையில் குறிப்பறிதலே. எதிரில் அமர்ந்திருப்பவர் தயங்கும் இடத்தையும் பேச்சை மாற்றும் இடத்தையும் அவர் கவனிக்கிறார். ஆயினும், தாம் உணர்ந்தது ஊகமே என்பதை அவர் அறிவார். அதனால் கேட்கிறார், காத்திருக்கிறார். “அப்படியில்லை” என்று மறுக்க எதிரில் இருப்பவருக்கு இடமிருக்கிறது. இந்த இடமே சிகிச்சையில் நம்பிக்கை வளரும் இடமாகும்.

கருவி கற்ற வாசிப்பு

ஜெர்மனியைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார். பின்னாளில், மூளையின் எப்பகுதி மிகுதியாக உழைக்கிறதோ அப்பகுதிக்குப் பாயும் குருதியின் மாற்றத்தை எம்.ஆர்.ஐ. கருவியால் படமாக்கும் முறை வளர்ந்தது.

2023இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் பங்கேற்ற மூவர், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தவாறு ஒவ்வொருவரும் ஏறத்தாழ 16 மணிநேரம் கதைகளைக் கேட்டனர். அப்பதிவுகளைக்கொண்டு பயிற்சி பெற்ற கணினி, பிறகு அவர்கள் புதிதாகக் கேட்ட கதைகளின் கருத்தையும் மனத்துக்குள் சொல்லிக்கொண்ட கதைகளின் கருத்தையும் ஓரளவு சொற்களாக்கியது.

அது சொல்லுக்குச் சொல் சரியாக அமைந்த வாசிப்பன்று. தனக்கு இன்னும் ஓட்டுநர் உரிமம் இல்லை என ஒருவர் சொல்வதைப் பங்கேற்பாளர் கேட்டார். ‘அவள் இன்னும் வண்டி ஓட்டக் கற்கவே தொடங்கவில்லை’ என்னும் பொருளில் கணினி எழுதியது. கருத்து ஏறக்குறைய வந்துவிட்டது. ஆனால் ‘நான்’ என்பது ‘அவள்’ ஆகிவிட்டது. மேலும், ஒருவருக்காகப் பயிற்றப்பட்ட கணினி மற்றவரிடம் பயன்படவில்லை. பங்கேற்பாளர் மனத்துக்குள் விலங்குகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கியதும் வாசிப்பு குலைந்தது. இன்றைய நிலையில், ஒருவரின் ஒத்துழைப்பு இல்லாமல் அவர் எண்ணத்தை இம்முறையால் அறிய இயலாது. அத்தடை என்றும் நீடிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

பேச இயலாதவரின் விடை

இத்துறையின் நன்மையை மறுத்தல் தகாது. சாலை விபத்தில் மூளை காயமுற்ற 23 வயதுப் பெண் ஒருவர், ஐந்து மாதங்களாகச் சூழலை உணராத நிலையில் இருப்பவராகவே கருதப்பட்டார். டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யுமாறு அவரிடம் கூறியபோது, நலமுள்ளவரின் மூளையைப் போலவே அவரது மூளையும் இயங்கியதைப் படங்கள் காட்டின. ஏட்ரியன் ஓவன் தலைமையிலான குழுவினர் 2006இல் இதனை வெளியிட்டனர். 2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இத்தகைய நிலையில் இருந்த ஒருவர், ‘ஆம்’ என்பதற்கு ஒரு கற்பனையும் ‘இல்லை’ என்பதற்கு வேறொரு கற்பனையும் செய்து வினாக்களுக்கு விடையளித்தார்.

இங்கே கருவி, சொல்ல விரும்பியவருக்குச் சொல்லும் வழியைத் தந்தது. சொல்ல விரும்பாதவரிடமிருந்து எண்ணத்தை எடுப்பது இதனினும் முற்றிலும் வேறானது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இத்துறையில் நேரக்கூடிய பெரும்பிழை.

எண்ணமும் எண்ணியவரும்

எண்ணச் சுழற்சி நோயால் துன்புறுவோர் சிலரைக் கருதலாம். தம் குழந்தைக்குத் தாமே தீங்கு செய்துவிடுவோமோ என்னும் எண்ணம் ஒரு தாய்க்கு மீண்டும் மீண்டும் எழக்கூடும். அது அவர் விரும்பிய எண்ணமன்று. அவர் அஞ்சி வெறுக்கும் எண்ணம். அவ்வச்சத்தால் கத்தியைத் தொடுவதையே அவர் தவிர்க்கக்கூடும். அவர் தாமாக வாய் திறந்து கூறும்போது எண்ணத்தோடு அதன்மீதுள்ள வெறுப்பும் வெளிப்படும். மருத்துவர் நோயை உணர்வார். கருவியோ எண்ணத்தின் சொற்களை மட்டும் தரக்கூடும். ‘நான்’ என்பதை ‘அவள்’ என்று படித்த கருவி, அஞ்சுவதையும் விரும்புவதையும் பிரித்தறியும் என்று எவ்வாறு நம்புவது?

அப்பதிவு மருத்துவரையும் இக்கட்டில் ஆழ்த்தும். நோயரால் பிறருக்குக் கடும் ஆபத்து நேரும் என்று அறிந்தால், அப்பிறரைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை எனக் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 23 நோயரின் இரகசியத்தைக் காக்கிறது. பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பதற்கு விலக்கும் அளிக்கிறது. இவ்விதிகள், நோயர் தாமே கூறியதை மருத்துவர் எடைபோடும் சூழலில் உருவானவை. மனத்தில் வந்துபோகும் ஒவ்வோர் எண்ணமும் சான்றாக நிற்குமானால், குற்றமற்ற நோயர் எவரும் மருத்துவரை நாட அஞ்சுவர்.

இசைவு என்னும் வேலி

“நோயர் இசைந்தால் போதாதா?” என்று கேட்கலாம். பதினாறு வயது மாணவர் ஒருவரைப் பெற்றோர் மனநல ஆலோசனைக்கு அழைத்து வருவதாகக் கொள்வோம். “இவன் மனத்தில் என்ன இருக்கிறதென்று பார்த்துச் சொல்லுங்கள் ஐயா” என்கிறார் தந்தை. கவலையே அவரைப் பேச வைக்கிறது. கருவியை அணிய மறுத்தால், எதையோ மறைக்கிறான் என்னும் ஐயம் எழும். மறுக்க இயலாத சூழலில் தலையசைப்பது இசைவாகாது.

சட்டம் இதனை உணர்ந்திருக்கிறது. மயக்க மருந்து கொடுத்து உண்மை அறியும் சோதனை, பொய் கண்டறியும் சோதனை, மூளையின் மின்செயலைப் பதியும் சோதனை ஆகியவற்றை ஒருவரின் இசைவின்றி நடத்துதல் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இவ்வுரிமை உண்டெனில், நலம் நாடி வந்தவருக்கு அது மறுக்கப்படலாகாது. சிலி நாடு 2021இல் தன் அரசமைப்பைத் திருத்தி, மூளையின் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து பெறப்படும் தகவலுக்கும் பாதுகாப்பளித்தது.

திறவுகோல் உரியவரிடமே

உளச்சிகிச்சையில், உண்மை தெரிய வருவதால் மட்டும் நலம் பிறப்பதில்லை. நெடுநாள் சுமந்ததைத் தாமே சொல்ல முடிந்தது என்பதிலும் நலம் இருக்கிறது. கருவி முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், நோயர் அந்த வாய்ப்பை இழக்கிறார்.

2025இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடலியக்கம் குன்றியவர்கள் மனத்துக்குள் பேசும் சொற்களை, மூளையில் பொருத்திய மின்முனைகளின்வழி எழுத்தாக்கினர். குறித்த ஒரு தொடரை அவர்கள் மனத்தில் நினைத்தால் மட்டுமே வாசிப்பைத் தொடங்கும் முறையையும் அவர்கள் சோதித்தனர். நினைக்காதவரை கருவி பூட்டியே இருக்கும். உள்ளத்தைத் திறக்கும் கருவிகள் இனியும் வரும். அவை எத்துணைக் கூர்மை பெற்றாலும், திறவுகோல் உள்ளத்துக்கு உரியவரிடமே இருத்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

கற்பவை கற்றபின்

1. சொல்ல இயலாதவருக்கு உதவும் கருவிக்கும் சொல்ல விரும்பாதவரிடம் பயன்படுத்தும் கருவிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.

2. பாடத்தில் இடம்பெறும் மாணவர், தந்தை, மனநல ஆலோசகர் ஆகிய மூவரின் நிலையிலிருந்தும் வகுப்பறையில் உரையாடுக.